உள்ளேன் ஐயா: கற்பித்தலில் குழந்தைமையும் அகவிழிப்பும்

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்து அமர்கிறார்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்து, குனிந்த தலை நிமிராமல் பெயர்களை வாசிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுகிறது: "உள்ளேன் ஐயா." நாற்பது பெயர்களும் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு கரும்பலகையில் தேதி, பாடம், பாடத்தலைப்பு. தமிழ்நாட்டின் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காட்சி இது.

பிள்ளைகள் தாங்கள் உள்ளதை நாள்தோறும் அறிவிக்கிறார்கள். ஆசிரியர் உள்ளாரா என்று கேட்கத்தான் யாரும் இல்லை. அவர் கையொப்பம் தலைமையாசிரியர் அறைப் பதிவேட்டில் இருக்கிறது. உடல் வகுப்பில் நிற்கிறது. மனம் முடிக்க வேண்டிய பாடப்பகுதியிலோ, எமிஸ் இணையதளப் பதிவிலோ, வீட்டுக் கவலையிலோ இருக்கலாம். பிள்ளைகள் இதை உடனே கண்டுகொள்கிறார்கள். பெரியவர் ஒருவர் தம் எதிரில் மெய்யாகவே இருக்கிறாரா என்பதை அறிய அவர்களுக்கு எந்த அளவுகோலும் வேண்டியதில்லை.

கற்பித்தலில் இந்த 'உள்ளேன்' எங்கிருந்து வருகிறது? குழந்தையிடம் இயல்பாகவே இருக்கும் முழு ஈடுபாட்டை வளர்ந்த ஒருவர் மீண்டும் பெற முடியுமா? அதற்கும் ஆன்மிகம் என்று நாம் சொல்வதற்கும் என்ன உறவு? சமயச் சார்பற்ற அரசுப் பள்ளியில் அதற்கு இடமுண்டா? நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாட்டுக் கல்வியாளர்கள் இக்கேள்விகளோடு மல்லாடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றையும் அண்மைக்கால ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு சொற்கள்

'சிறுபிள்ளைத்தனம்' என்றால் பொறுப்பின்மை. 'குழந்தைமை' என்றால் கள்ளமின்மை, வியப்பு, எதையும் முதன்முறை பார்ப்பதுபோல் பார்க்கும் கண். தமிழ் இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களால் பிரித்தே வைத்திருக்கிறது. ஆசிரியர் குழந்தையைப் போலாக வேண்டும் என்னும்போது, குரலை மழலையாக்கிக்கொள்வதையோ வேடிக்கை காட்டுவதையோ யாரும் கேட்கவில்லை. அந்த நடிப்பு பிள்ளைகளுக்கே பிடிப்பதில்லை.

குழந்தையின் கவனம் எப்படிப்பட்டது என்பதை உளவியல் ஓரளவு விளக்கியிருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் அலிசன் கோப்னிக் 2009இல் வெளியான நூலில், பெரியவர்களின் கவனத்தை ஒரே இடத்தில் குவியும் மேடை விளக்கொளிக்கும், குழந்தைகளின் கவனத்தை நாலாபுறமும் வெளிச்சம் பரப்பும் லாந்தர் விளக்குக்கும் ஒப்பிட்டார். பாடம் நடக்கையில் சன்னலில் வந்தமர்ந்த அணிலைப் பார்க்கும் பிள்ளை கவனம் இழந்துவிடவில்லை; அவன் லாந்தரில் அணிலும் விழுகிறது. ஆசிரியருக்குத் தன் விளக்கின் குவிந்த ஒளி வேண்டும். பாடம் அதில்தான் நகரும். அதோடு லாந்தரையும் ஏற்றி வைத்திருந்தால், கடைசி வரிசையில் ஒரு முகம் வாடியிருப்பது கண்ணில் படும்.

'ஆன்மிகம்' அடுத்த சொல். கோயில், விரதம், பூசை என்று அதன் பொருள் நம்மிடையே குறுகிக் கிடக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் ஹே, ரெபெக்கா நை இருவரும் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடு உரையாடி, 1998இல் தங்கள் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். குழந்தைகளின் ஆன்மிகம் அவர்களது சமயப் பழக்கத்திலிருந்து மட்டும் வருவதன்று. தன்னோடும் பிறரோடும் உலகோடும், சிலருக்குக் கடவுளோடும் தனக்குள்ள உறவை ஆழ்ந்து உணரும் விழிப்பே அதன் உட்கரு என்றார்கள். அந்த விழிப்பையே இங்கே 'அகவிழிப்பு' என்று குறிப்பிடுகிறேன். எந்தச் சமயத்தாருக்கும், சமயமே வேண்டாம் என்பவருக்கும் அது பொதுவானது.

மரபு சொன்னது

வளர்ந்தவர் குழந்தைமையைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது பழைய சிந்தனை. பிருகதாரண்யக உபநிடதத்தில், புலமையைக் கடந்தவன் குழந்தையின் நிலையில் நிற்கட்டும் என்ற கருத்து வருகிறது. சீனத்தின் மென்சியஸ், பெருமனிதன் குழந்தை உள்ளத்தை இழக்காதவன் என்றார். குழந்தைகளைப் போல ஆகாதவர்க்கு விண்ணரசில் இடமில்லை என்கிறது மத்தேயு நற்செய்தி. நெடுந்தொலைவு பிரிந்திருந்த மூன்று மரபுகளும் ஒரே திசையைக் காட்டியிருக்கின்றன.

தமிழ் மரபு இதைக் கருத்தாகச் சொன்னதோடு நிற்காமல் ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தது. பெரியாழ்வார் தம்மைத் தாயாக்கிக் கண்ணனைக் குழந்தையாக்கிப் பாடினார். பின்னர் பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களோடு தனி வகையாக நிலைபெற்றது. அதைக் கூர்ந்த கவனத்தின் இலக்கியம் என்றே சொல்லலாம். தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் குழந்தையை 'வருக' என்று அழைக்கும் வருகை எனக் குழந்தையின் ஒவ்வோர் அசைவிலும் பெரியவரின் கண் பதிந்திருக்கிறது. பார்க்கப்படுவதோ தெய்வம்.

ஆசிரியருக்கு இலக்கணம் வகுத்த நூலும் நம்மிடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கையும் உவமை சொல்கிறது. நிலத்தின் பொறுமை, மலையின் வளம், துலாக்கோலின் நடுநிலை ஆகியவற்றோடு மலரின் மென்மையும் முகமலர்ச்சியும் அவருக்கு வேண்டும். ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் அங்கே உவமைகள் உண்டு. கழற்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட வரிசையில் வருவதில்லை. மடல் சூழ்ந்த பனை தன்னை அண்டவிடாமல், பழத்தைத் தானாக விழும்போதுதான் தரும். குறுகிய வாயுள்ள குண்டிகையில் அடைத்த பஞ்சை எடுப்பதும் பாடு, திணிப்பதும் பாடு. வளைந்த தென்னை, நீர் ஊற்றியவரை விட்டு அடுத்த வீட்டில் காயை உதிர்க்கும். இந்த நான்கையும் கூர்ந்து பார்த்தால், எதிலும் அறிவுக் குறை சொல்லப்படவில்லை என்பது விளங்கும். குடத்தில் காய் இருக்கிறது, பனையில் பழம் இருக்கிறது. எதிரே நிற்பவரிடம் அது போய்ச் சேரவில்லை.

அதே நன்னூல், மாணவன் வரைந்த ஓவியம்போல அசையாது அடங்கியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதை மறைத்துவிட்டு மரபைப் புகழ்வது நேர்மையாகாது. நம் வகுப்பறைகளின் 'கைகட்டு, வாய்பொத்து' ஒழுங்குக்கு நீண்ட வேர் உண்டு. இந்த அடக்கம் வெளியிலிருந்து வர வேண்டுமா, உள்ளிருந்து வர வேண்டுமா என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டு எழுப்பியது.

முயன்று பார்த்தவர்கள்

தாகூர் சிறுவயதில் பள்ளியைச் சிறையாகவே உணர்ந்தவர். 1901இல் வங்கத்தின் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களோடு பள்ளி தொடங்கியபோது, அவர் முதலில் அகற்றியது சுவர்களை. மரத்தடி, மழை, பாட்டு, பருவ விழாக்கள் எல்லாம் அங்கே பாடத்தின் பகுதிகள். தனக்குள் இருக்கும் குழந்தையைத் தொலைத்துவிட்டவர் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தகுதியையே இழந்துவிடுகிறார் என்பது அவர் உறுதியான நம்பிக்கை. பயிற்சியையும் முறையையும் கடந்து, ஆசிரியரின் உயிர்ப்பையே கல்வியின் ஊற்றாகக் கண்டவர் அவர்.

மரியா மாண்டிசோரி மருத்துவர். 1907 ஜனவரியில் உரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில், ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். ஒருநாள் துணியில் சுற்றிய நான்கு மாதக் கைக்குழந்தையை வகுப்புக்குள் கொண்டுவந்து, இவ்வளவு அமைதியாக உங்களால் இருக்க முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் மூச்சையும் மெல்ல விட்டார்கள். வெளியுலகின் சிற்றொலிகள் கேட்கத் தொடங்கின. இதிலிருந்து பிறந்ததுதான் மௌன விளையாட்டு. அமைதி நிறைந்ததும் ஆசிரியர் சற்றுத் தள்ளி நின்று ஒவ்வொரு பெயராக மெல்ல அழைப்பார்; அழைக்கப்பட்ட குழந்தை ஓசைப்படாமல் நடந்து அவரிடம் வரும்.

மாண்டிசோரியின் பெயரைக் கேட்டதும் மரக்கட்டைகளும் மணிகளும் நினைவுக்கு வருகின்றன. அவரோ, அந்தப் பொருள்களைத் தொடுமுன் ஆசிரியர் தம்மைத் தாமே ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றார். அதற்கு அவர் இட்ட பெயரே ஆன்மிக ஆயத்தம். சினமும் செருக்கும் பெரியவரின் கண்ணை மறைப்பவை. குழந்தையின் முன் அவை எளிதில் கொடுங்கோன்மையாக மாறும், ஏனெனில் குழந்தை திருப்பி அடிக்காது. இது எந்தக் கல்வியியல் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது.

இந்தக் கருத்துகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு நேரடி இடமுண்டு. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939இல் மாண்டிசோரி அடையாறு வந்தார். அங்கு நடந்த முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் சேர்ந்தனர். போர் மூண்டதால் இத்தாலியக் குடியினரான அவர் இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் வாழ்ந்தபோது, எல்லாப் பொருளும் எல்லா உயிரும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை மையமாக வைத்த 'பிரபஞ்சக் கல்வி' அங்கே உருப்பெற்றது. மலைச்சரிவின் செடியும் பூச்சியும் நீரோடையும் அதற்குப் பாடநூலாயின.

குஜராத்தின் கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்தவர். மகன் பிறந்தபின் மாண்டிசோரியைப் படித்து, 1920இல் பாவ்நகரில் பாலர் பள்ளியைத் தொடங்கினார். அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அன்போடு அழைத்தார்கள். தமிழில் 'பகற்கனவு' என்று வந்துள்ள அவரது நூலில் ஓர் ஆசிரியர், நாலாம் வகுப்பைப் பரிசோதனைக்காக ஏற்கிறார். முதல் நாளே மௌன விளையாட்டை நடத்தப் பார்க்கிறார். பிள்ளைகள் கூச்சலிட்டு அதைக் கேலியாக்கிவிடுகிறார்கள். திட்டத்தை மூட்டை கட்டிவிட்டு அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். கதையின் பின்னால் வகுப்பு வருகிறது. உரோமில் மலர்ந்த அதே மௌனம், கட்டளையாக வந்தபோது கருகிப் போனது. முதலில் தேவைப்பட்டது உறவு. ஆசிரியர் பயிற்சியில் நான் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்ட விரும்பும் தோல்வி இது.

ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி தமக்காக உருவாக்கப்பட்ட சமய அமைப்பை 1929இல் தாமே கலைத்தவர். அவர் பிறந்த மதனப்பள்ளிக்கு அருகில் இருக்கும் ரிஷி வேலிப் பள்ளியில் மாலையில் மாணவர்கள் கூடி, சூரியன் மறைவதைப் பேசாமல் பார்த்திருக்கும் வழக்கம் உண்டு. பிரார்த்தனை கிடையாது, உரை கிடையாது. மனத்தை ஒன்றில் வலிந்து நிறுத்துவதையும் விருப்பு வெறுப்பின்றிக் கவனிப்பதையும் அவர் வேறுபடுத்தினார். வகுப்பில் பயமும் ஒப்பீடும் இருக்கும்வரை இரண்டாவது நிகழாது என்றார். ஆசிரியர் மாணவரோடு சேர்ந்து கற்பவர். தாம் அறிந்துவிட்டதாக நினைக்கும் கணத்தில் அவர் கவனிப்பதை நிறுத்திவிடுகிறார்.

ஜப்பானின் டோமோயி பள்ளியை நம் வாசகர்கள் 'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' வழியாக அறிவார்கள். முந்தைய பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமியைத் தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி எதிரில் அமரவைத்து, மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லச் சொன்னார். நான்கு மணி நேரம் கேட்டார். அந்தச் சிறுமி, தெட்சுகோ குரோயானகி, பல பத்தாண்டுகளுக்குப் பின் 1981இல் அதை நூலாக எழுதினார். ஒரு முற்பகல் நேரம் முழுதாகக் கேட்கப்பட்டது வாழ்நாள் முழுக்க அவரோடு நின்றது.

இந்த வரிசையில் என்னை மிக ஆழமாகத் தொடுபவர் போலந்தின் யானுஷ் கோர்ச்சாக். குழந்தை மருத்துவரான அவர் 1912 முதல் வார்சாவில் யூத அனாதைக் குழந்தைகளின் இல்லத்தை நடத்தினார். குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த நீதிமன்றம் அங்கே இருந்தது; கோர்ச்சாக்கும் அதன் முன் நின்றிருக்கிறார். சோர்ந்துபோன ஓர் ஆசிரியர் மறுபடி சிறுவனாகி, வளர்ந்த நினைவோடு பள்ளிக்குப் போகும் கதையை 1925இல் எழுதினார். குழந்தைகளிடம் இறங்கிச் செல்வதால் பெரியவர் களைப்பதில்லை, அவர்களது உணர்வின் உயரத்துக்கு எக்கி நிற்பதுதான் களைப்பூட்டுகிறது என்பது அவர் கண்டது. 1942 ஜூலை 18 அன்று, நாஜிகள் அடைத்துவைத்த வார்சா யூதக் குடியிருப்பில், தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தைத் தம் குழந்தைகளைக் கொண்டு மேடையேற்றினார். நோயில் கிடந்து, சன்னல் வழியே உலகைப் பார்த்துக்கொண்டே மரணத்தை அமைதியாக எதிர்கொள்ளும் அமல் என்ற சிறுவனின் கதை அது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 குழந்தைகள் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு கோர்ச்சாக்கும் அவர்களோடு போனார். பிள்ளைகளோடு இருத்தல் என்ற சொல்லுக்கு அதற்கு மேல் பொருள் இல்லை.

அளந்து பார்த்தபோது

இவையெல்லாம் அபூர்வ மனிதர்களின் கதைகள். எளிய ஆசிரியருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆய்வுகள் இங்கே கைகொடுக்கின்றன.

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, 1970களில் ஓர் எளிய உண்மையை வெளிப்படுத்தினார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார். திறமையற்றவர் என்று தாம் கருதும் பிள்ளைக்கு இன்னும் குறைவாகக் காத்திருக்கிறார். அந்த நேரத்தை மூன்று விநாடிகளுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. காரணம் சொல்லும் பதில்கள் கூடின. வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். ஆசிரியர்களின் கேள்விகளும் மாறின. சில பிள்ளைகளைப் பற்றி அவர்கள் வைத்திருந்த எண்ணமும் மாறியது. மூன்று விநாடி மௌனத்தைத் தாங்க முடிவதே ஆசிரியருக்கு ஒரு தவம். அந்த நேரத்தில் அவர் தம் அவசரத்தையும் 'இவனுக்கு வராது' என்ற முடிவையும் ஒருங்கே அடக்கிக்கொள்கிறார்.

ஆசிரியர்களுக்கே நேரடியாக விழிப்புணர்வுப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. நியூயார்க் நகரின் 36 தொடக்கப்பள்ளிகளைச் சேர்ந்த 224 ஆசிரியர்கள் அதில் பங்கேற்றனர். பயிற்சி பெற்றவர்களிடம் மன உளைச்சலும் நேர நெருக்கடி உணர்வும் குறைந்தன. உணர்ச்சிகளைக் கையாளும் திறன் கூடியது. அவர்களது வகுப்பறைகளை நேரில் கவனித்தவர்கள், பிள்ளைகளுக்குக் கிடைத்த உணர்வு ஆதரவும் மேம்பட்டிருப்பதைப் பதிவுசெய்தனர்.

மாணவர்களுக்கு அதையே பாடமாக நடத்தினால்? பிரிட்டனில் 85 பள்ளிகளில் 11 முதல் 13 வயதுவரையிலான 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. விழிப்புணர்வுப் பாடம் நடத்தப்பட்ட பள்ளிகளின் மாணவர்கள், வழக்கமான பாடங்களைப் பெற்றவர்களைவிட மனநலத்தில் மேம்பட்டிருக்கவில்லை. பெரும்பாலோர் வகுப்புக்கு வெளியே அதைப் பழகவும் இல்லை. ஆனால், குறுகிய காலத்துக்கேனும் ஆசிரியர்களின் சோர்வு குறைந்தது. பள்ளிச் சூழலில் முன்னேற்றம் தெரிந்தது.

ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. வயதுக்கும் நாட்டுக்கும் ஏற்ப விளைவு மாறலாம். ஆயினும் இவை ஒரே பக்கம் சாய்வதைக் கவனிக்கிறேன். அகவிழிப்பு, கால அட்டவணையில் இன்னொரு பாடவேளையாக நுழையும்போது பிள்ளைகளுக்கு அது மற்றொரு பாடமாகிவிடுகிறது. ஆசிரியரின் பார்வையிலும் குரலிலும் காத்திருப்பிலும் அது இருக்கும்போது, கணக்குப் பாடத்திலேயே வேலை செய்கிறது. தில்லி அரசு 2018இல் தன் பள்ளிகளில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்ட'த்தை அறிமுகப்படுத்தி, சில நிமிட மௌனத்தோடு அந்த வகுப்பைத் தொடங்கவைத்தது. நல்ல முயற்சி. அதன் உயிர், அடுத்த பாடவேளைக்கு வரும் ஆசிரியரின் முகத்தில் அந்த மகிழ்ச்சி இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

பிரெஞ்சுச் சிந்தனையாளரும் பள்ளி ஆசிரியருமான சிமோன் வேய் 1942இல் எழுதிய கட்டுரை இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்க்கிறது. விடை கிடைக்காத வடிவியல் கணக்கின் முன்னும் நேர்மையாகக் கவனம் செலுத்தியவரின் உழைப்பு வீண்போவதில்லை. அதே கவனம் ஒருநாள் பிரார்த்தனையாகவும் துன்புறுபவரைப் பார்க்கும் கண்ணாகவும் மாறும் என்றார். கணக்கும் இலக்கணமும் அகவிழிப்புக்குப் பகையல்ல. அவற்றைக் கற்பிக்கும் விதத்திலேயே அதற்கான வாசல் இருக்கிறது.

எதிர்க்கேள்விகள்

இக்கருத்துகளின் மீது எழும் ஐயங்கள் நியாயமானவை. முதலாவது, சமயம். முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது இந்திய அரசமைப்பின் 28ஆம் பிரிவு. ஆன்மிகம் என்ற பெயரில் ஒரு சமயத்தின் வழிபாடு வகுப்பறைக்குள் நுழைந்தால், வேறு வீட்டிலிருந்து வந்த பிள்ளை அந்நியமாகிவிடும். ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தும் எதுவும் அகவிழிப்பாகாது. சூரியன் மறைவதையும் மழை ஓசையையும் எந்தப் பிள்ளையும் தனதல்ல என்று சொல்லாது. தொடக்கம் அங்கே இருக்கட்டும்.

இரண்டாவது, குழந்தையைத் தெய்வமாக்கும் மிகை. பிள்ளைகள் கொஞ்சலும் கருணையும் மட்டும் உடையவர்களல்லர். பட்டப்பெயர் வைத்துப் புண்படுத்துவார்கள்; சாதிப் பெயரை வீட்டிலிருந்து எடுத்துவந்து வகுப்பில் வீசுவார்கள். கோர்ச்சாக் நீதிமன்றத்தை ஏற்படுத்தியதே இதை அறிந்ததால்தான். குழந்தைமையை மதிக்கும் ஆசிரியர் எல்லை வகுக்கவும் வேண்டும். கோர்ச்சாக்கின் இல்லத்தில் அன்பும் விதியும் ஒன்றையொன்று தாங்கின.

மூன்றாவது, அதிகாரம். ஆன்மிக ஒளி சூழ்ந்த ஆசிரியரைக் கேள்வி கேட்கப் பிள்ளைகளும் பெற்றோரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் நிழலில் தீமைகள் ஒளிந்துகொள்ள முடியும். ஆகவே, ஆசிரியரைக் கேள்வி கேட்கும் வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கொண்டே ஒரு பள்ளியின் அகவிழிப்பை மதிப்பிட வேண்டும்.

நான்காவது ஐயம்தான் மிகக் கனமானது. கைநிறையப் பதிவேடுகளும், ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளும், பள்ளிக்கு வெளியே ஆயிரம் பணிகளும் உள்ள ஆசிரியரிடம் 'மனம் இங்கே இருக்கட்டும்' என்பது கொடுமையாகாதா? ஆகும், வேறெதையும் மாற்றாமல் அதை மட்டும் சொன்னால். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று வகுத்தது. அதன் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்துவதையும் தடைசெய்தது. இவை வெறும் நிர்வாக விதிகளாகத் தோன்றலாம். ஆசிரியர் முகம் பார்த்துப் பேசவும், பிள்ளை பயமின்றி நிமிரவும் இவையே அடித்தளம். ஆசிரியரிடம் கவனத்தை எதிர்பார்க்கும் அரசு, அவரது கவனத்தைச் சிதறடிக்கும் வேலைகளைக் குறைக்கக் கடமைப்பட்டது.

தரையில் அமர்ந்த ஆசிரியர்

இவை செலவுமிக்க தனியார் பள்ளிகளுக்கே உரியவை என்ற எண்ணத்துக்குத் தமிழ்நாடே மறுப்புச் சொன்னது. ரிஷி வேலியின் கிராமக் கல்வி மையம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்ட ஒரு முறையை வளர்த்திருந்தது. அதைப் பார்த்துப் பயின்று, சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. 2007-08இல் அது மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது.

அன்று நடந்த மாற்றங்களில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று: நாற்காலியும் மேடையும் விலகின. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு வட்டமாக அமர்ந்தார். கரும்பலகை பிள்ளைகளின் கை எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறியது. இரண்டு நாள் வராத பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சிறந்த இடத்தில் அமர்ந்து உரைக்க வேண்டும் என்று நன்னூல் சொன்ன ஆசிரியர், பல நூற்றாண்டுகள் கழித்துத் தரைக்கு வந்து பிள்ளையின் கண்மட்டத்தில் உட்கார்ந்தார். அரசுப் பள்ளியில், எந்தச் சமயத்தின் துணையும் இல்லாமல், இதைவிடப் பெரிய ஆன்மிகச் செயல் ஒன்றை நான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

செயல்வழிக் கற்றலின் தளர்ச்சியிலும் பாடம் இருக்கிறது. அட்டைகளை வரிசையாக முடிப்பதே வேலையாகிப்போன வகுப்புகளில், அட்டையே ஆசிரியராகிவிட்டது. ஆசிரியர் தரையில் இருந்தார். மனம் பதிவேட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது. பாய் விரித்தால் மட்டும் போதாது. மாண்டிசோரியின் மணிகளுக்கும் கிஜுபாயின் மௌனத்துக்கும் நேர்ந்ததே அட்டைகளுக்கும் நேர்ந்தது. எந்த முறையும் அதைக் கையில் எடுத்தவரின் உள்ளத்தளவே உயிரோடிருக்கும்.

வருகை

இத்தனை பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குழந்தைமையையும் அகவிழிப்பையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவை அவர்களிடமே இருக்கின்றன. ஆசிரியர் அவற்றைத் தம்மிடம் மீட்டெடுக்க வேண்டும், பிள்ளைகளிடம் அவை அணைந்துபோகாமல் காக்க வேண்டும். இந்த வேலை ஆசிரியரின் உள்ளே தொடங்குகிறது. அதற்கான நேரத்தையும் மதிப்பையும் தருவது சமூகத்தின் பங்கு.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் இளம் ஆசிரியருக்கு, பெரிய பயிற்சி எதையும் நான் சொல்ல மாட்டேன். வகுப்பறை வாசலில் ஒரு மூச்சளவு நின்றுவிட்டு உள்ளே போங்கள். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன் சொல்லி, அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். சினம் வந்த நாளில், அது பிள்ளையால் வந்ததா, காலையிலேயே கூட வந்ததா என்று மாலையில் உங்களையே கேளுங்கள். வாரத்தில் ஒருநாள், பள்ளி மரத்தடியில் எல்லோரும் பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கேட்ட ஒலிகளைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். அதில் நீங்கள் கேட்டதையும் சொல்லுங்கள்.

இவை எதற்கும் நேரமில்லாத நாளிலும் வருகைப் பதிவேடு உண்டு. பிள்ளைத்தமிழின் வருகைப் பருவத்தில், தளர்நடையிட்டு வரும் குழந்தையைப் பெரியவர் பெயர் சொல்லி 'வருக' என்கிறார். மௌன விளையாட்டிலும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். நாமும் ஒவ்வொரு காலையும் நாற்பது பெயர்களை உச்சரிக்கிறோம். ஒரு பெயரைச் சொல்லி, நிமிர்ந்து, அந்த முகத்தை மூன்று விநாடி பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனால் மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். இரவு தூங்காத கண்ணும், புதிதாக விழுந்த பல்லும், சொல்ல வாயெடுத்த செய்தியும் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். "உள்ளேன் ஐயா" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, ஆசிரியரின் கண்ணிலும் அதே பதில் இருக்கட்டும்.